தாவித் தாவிப் படியெடுக்கும் வைரஸ்

ரெட்ரோ வைரஸ்கள் தங்கள் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில் சுமப்பவை. ஒரு செல்லுக்குள் நுழைந்ததும் அந்தச் செய்தியை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே செருகிவிடுகின்றன. அதன் பிறகு செல் உயிரோடு இருக்கும்வரை அதுவும் இருக்கும். செல் பிரிந்தால், பிரிந்த இரண்டிலும் இருக்கும். எய்ட்ஸுக்குக் காரணமான எச்.ஐ.வி., கோழிகளுக்குப் புற்றுநோய் தரும் ரவுஸ் சார்கோமா வைரஸ், எலிகளின் இரத்தப் புற்று வைரஸ்கள் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒவ்வொரு வைரஸ் துகளிலும் மரபுச் செய்தி இரண்டு படிகளாக இருக்கிறது. எச்.ஐ.வி.யின் ஆர்.என்.ஏ. இழை ஒன்றில் ஏறத்தாழ 9,700 எழுத்துகள். அப்படிப்பட்ட முழு இழைகள் இரண்டு, ஒன்றோடொன்று பிணைந்து ஒரே உறைக்குள் கிடக்கின்றன. செல்லுக்குள் போன பிறகு அவற்றிலிருந்து உருவாவதோ ஒரே ஒரு டி.என்.ஏ. இரண்டிலிருந்து ஒன்று என்ற இந்தக் கணக்கில்தான் ரெட்ரோ வைரஸ்கள் மரபுப் பொருளைக் கலந்து மாற்றிக்கொள்ளும் வித்தை தொடங்குகிறது.

ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் நொதிக்கு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்று ஒரே திசையில்தான் மரபுச் செய்தி போகும் என்று உயிரியலாளர்கள் நம்பியிருந்த காலத்தில், அமெரிக்காவின் ஹோவர்ட் டெமின் அதற்கு மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் அவர் பேச்சு எடுபடவில்லை. 1970-ல் அவரும் சடோஷி மிசுடானியும் ஒரு பக்கமும், டேவிட் பால்டிமோர் தனியாக இன்னொரு பக்கமும் இந்த நொதியைக் கண்டுபிடித்த பிறகு வாதம் முடிந்தது. 1975-ல் டெமின், பால்டிமோர், ரெனாட்டோ டல்பெக்கோ மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நொதி வேலை செய்யும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வெறும் இழையில் அது தானாகத் தொடங்காது; பற்றிக்கொள்ள ஒரு தொடக்கத் துண்டு தேவை. எச்.ஐ.வி. அதைச் செல்லிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. புரதம் கட்டுவதற்காக லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சுமந்து திரியும் கடத்து ஆர்.என்.ஏ. ஒன்று, வைரஸ் இழையில் 18 எழுத்து நீளமுள்ள இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அந்த இடம் இழையின் முன்முனைக்கு மிக அருகில் இருக்கிறது. நொதி ஓடுவதும் அந்த முனையை நோக்கித்தான். இருநூறு எழுத்துகூட எழுதி முடிப்பதற்குள் இழை தீர்ந்துவிடுகிறது. எழுத வேண்டியதோ இன்னும் ஒன்பதாயிரத்துக்கு மேல்.

அப்போது நடப்பதுதான் முதல் தாவல். எழுதப்பட்ட குட்டைத் துண்டு, முன்முனையை விட்டு விலகி, இழையின் பின்முனைக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. இரு முனைகளிலும் ஒரே வாசகம் எழுதப்பட்டிருப்பதால் இது முடிகிறது. அங்கிருந்து நொதி நீண்ட ஓட்டத்தைத் தொடங்குகிறது. டி.என்.ஏ.வின் இரண்டாவது இழையை எழுதும்போது இதே போன்ற இன்னொரு தாவல் உண்டு. இரண்டும் முடிந்தால்தான் முழு டி.என்.ஏ. கிடைக்கும். அதன் இரு ஓரங்களிலும் ஒரே நீண்ட வாசகம் வந்து அமைந்துவிடுவதால், அது தன் மூலமான ஆர்.என்.ஏ.வைவிடச் சற்று நீளமாகவே இருக்கிறது. வைரஸின் மரபணுக்களை இயக்கும் விசை இந்த ஓர வாசகத்தில்தான் உள்ளது.

ஆகவே தாவுவது இந்த நொதிக்கு விபத்து அல்ல. தாவாமல் அதன் வேலை நடக்காது. மூலத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடும் நொதிகள் உண்டு. நம் செல்களில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் நொதிகள் அப்படிப்பட்டவை. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் பிடி தளர்வானது. போதாக்குறைக்கு அதற்கு இரண்டு வேலை. ஒரு பக்கம் படியெடுத்துக்கொண்டே போகும். இன்னொரு பக்கம், படித்து முடித்த ஆர்.என்.ஏ.வை அரித்துக்கொண்டே வரும். மூலம் அரிக்கப்பட்டதும், புதிதாக எழுதிய டி.என்.ஏ.வின் பின்பகுதி துணையில்லாமல் தொங்குகிறது. பக்கத்திலேயே அதே வாசகத்தோடு இரண்டாவது படி கிடக்கிறது. தொங்கும் பகுதி அதில் ஒட்டிக்கொள்ள, நொதியும் கூடவே மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு எழுதப்படுவது இரண்டாவது படியின் வாசகம்.

பழைய ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதுபவர், ஒரு பிரதியில் செல்லரித்த இடம் வந்ததும் பக்கத்தில் வைத்திருக்கும் இன்னொரு பிரதியைப் பார்த்து எழுதிக்கொண்டு போவதைப் போன்றது இது. எழுதி முடித்த ஏடு இரண்டு மூலங்களின் கலவையாக இருக்கும். எந்த வரி எதிலிருந்து வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. வைரஸின் ஆர்.என்.ஏ. எளிதில் உடையக்கூடியது. ஒரு படி உடைந்திருந்தாலும், மற்றதற்குத் தாவி வேலையை முடித்துவிடலாம். இரண்டு படிகளைச் சுமப்பதன் முதல் பலன் இந்தப் பாதுகாப்புதான் என்று கருத இடமிருக்கிறது. கலப்பு அதன் கூடவே வந்த விளைவு.

இந்தத் தாவல் அபூர்வமான ஒன்றல்ல. எச்.ஐ.வி. ஒரு முறை தன்னைப் படியெடுப்பதற்குள் நொதி குறைந்தது இரண்டு மூன்று முறையாவது படி மாறுகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. சில வகைச் செல்களில் இந்த எண்ணிக்கை பத்தையும் தாண்டுகிறது. எழுத்துப் பிழையோ இதைவிடக் குறைவு. டெமின் தன் கடைசி ஆண்டுகளில் லூயிஸ் மான்ஸ்கியோடு சேர்ந்து செய்து, 1995-ல் வெளியான ஆய்வின்படி, எச்.ஐ.வி. ஏறக்குறைய முப்பதாயிரம் எழுத்துக்கு ஒரு பிழை செய்கிறது. அதாவது மூன்று படியெடுப்புக்கு ஒரு பிழை. எச்.ஐ.வி. வேகமாக மாறுவதற்குப் பிழைகளே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். பிழை புதிய எழுத்தைத் தருகிறது. தனித்தனி வைரஸ்களில் தோன்றிய பிழைகளை ஒன்றாகச் சேர்ப்பது தாவல்.

ஆனால் இரண்டு படிகளும் ஒன்றுபோலவே இருந்தால், எத்தனை முறை தாவினாலும் புதிதாக எதுவும் பிறக்காது. மாறுபட்ட வாசகம் பிறக்க, துகளுக்குள் இருக்கும் இரண்டு படிகளும் வேறுவேறாக இருக்க வேண்டும். அதற்கு ஒரே செல்லில் இரண்டு வேறு வைரஸ்கள் குடியேறியிருக்க வேண்டும். அந்தச் செல்லிலிருந்து வெளிவரும் துகள்களில் சில, இதில் ஒரு படி அதில் ஒரு படி என்று ஏற்றிக்கொண்டு புறப்படும். அப்போதும் கலப்பு நடந்திருக்காது. அந்தக் கலப்புத் துகள் அடுத்த செல்லுக்குள் நுழைந்து படியெடுக்கும்போதுதான் இரண்டும் ஒரே டி.என்.ஏ.வாகும். இப்படி இரண்டு தலைமுறையில் நடக்கும் காரியம் இது என்பதை 1990-ல் வெய்-ஷௌ ஹூவும் டெமினும், பறவைகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோ வைரஸை வைத்து நிறுவினார்கள். இதற்கு மறுசேர்க்கை என்று பெயர்.

எந்த இரண்டு படிகள் ஜோடி சேரும் என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆர்.என்.ஏ.வின் முன்பகுதியில் ஒரு வளையம். அதன் நுனியில் ஆறு எழுத்து. அந்த ஆறு எழுத்தும் தன்னைப் போன்ற இன்னொன்றோடு கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும்படி அமைந்தவை. எச்.ஐ.வி.யில் ஏ, பி, சி என்று பெயரிட்ட துணைவகைகள் உண்டு. பி துணைவகையில் அந்த ஆறு எழுத்து ஜிசிஜிசிஜிசி. சி துணைவகையில் ஜியூஜிசிஏசி. ஒரே துணைவகை என்றால் கொக்கி கச்சிதமாக விழும். வேறு துணைவகை என்றால் அவ்வளவு எளிதாக விழாது. இருந்தும் பி, சி கலப்பு வைரஸ்கள் உலகில் ஏராளமாக இருக்கின்றன. கொக்கி சரியாகப் பொருந்தாதது தடையாக இருக்கலாமே தவிர, கதவை அடைக்கவில்லை.

மனித உடலில் இதற்கு வாய்ப்பு எவ்வளவு? சிகிச்சை பெறாத ஒருவர் உடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி அளவில் எச்.ஐ.வி. துகள்கள் உற்பத்தியாகின்றன என்று 1996-ல் கணக்கிட்டார்கள். இரண்டு வேறு வைரஸ்கள் ஒருவர் உடலில் சேர இரண்டு வழி. ஒரே நேரத்தில் இரண்டும் தொற்றலாம். அல்லது ஏற்கெனவே தொற்று உள்ளவருக்கு இன்னொருவரிடமிருந்து இரண்டாவது வைரஸ் வந்து சேரலாம். இந்த இரண்டாம் வகையை மேல்தொற்று என்கிறார்கள். முதல் தொற்றுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பாற்றல் இரண்டாவதைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. 2002-ல் வெளியான மருத்துவ அறிக்கைகள் அதைக் கலைத்தன.

இந்தக் கலப்பின் விளைவு மருந்துகளில்தான் கூர்மையாகத் தெரிகிறது. எச்.ஐ.வி.க்கு முதலில் வந்த மருந்து ஜிடோவுடின்; 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது தாக்குவதும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைத்தான். தனி மருந்தாகக் கொடுத்தபோது வைரஸ் சில மாதங்களிலேயே அதை எதிர்க்கப் பழகியது. 1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. மூன்றையும் ஒரே நேரத்தில் எதிர்க்கும் பிழைகள் ஒரே வைரஸில் தற்செயலாக அமைவது மிகக் கடினம் என்பதே இதன் அடிப்படை. மறுசேர்க்கை இந்தக் கணக்கைக் குலைக்கக்கூடியது. ஒரு மருந்தை எதிர்க்கும் வைரஸும், வேறொரு மருந்தை எதிர்க்கும் வைரஸும் ஒரே செல்லில் சந்தித்தால், இரண்டையும் எதிர்க்கும் வைரஸ் ஒரே படியெடுப்பில் பிறந்துவிடலாம். பிழை பிழையாகக் காத்திருக்கத் தேவையில்லை. எதிர்த்திசையிலும் இது நடக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்: சேர்ந்திருந்த பிழைகளைத் தாவல் பிரித்தும் விடும். பிறக்கும் கலப்புகளில் பெரும்பாலானவை தாய் வைரஸ்களைவிட நலிந்தவை, தாமாகவே அழிந்துபோகின்றன. மருந்தை விட்டு விட்டு உண்பவர் உடலில் மட்டும், மருந்தை எதிர்க்கும் கலப்புக்கு ஆதாயம் கிடைக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டது தமிழ்நாடு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவி செல்லப்பன் நிர்மலா 1986-ல் சென்னையில் சேகரித்த இரத்த மாதிரிகளில் அது வெளிப்பட்டது. அப்போது சென்னையில் பரிசோதிக்கும் வசதி இல்லாததால், மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குப் போயின. இந்தியாவில் பரவியிருப்பதில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், எச்.ஐ.வி.யின் முக்கிய வகையான எச்.ஐ.வி.-1-இன் சி துணைவகை என்பது பின்னால் வந்த மரபணு ஆய்வுகளில் தெரிந்தது. உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய பாதித் தொற்று சி வகைதான். தென்னாப்பிரிக்காவிலும் அதுவே ஆதிக்கம்.

ஒரே துணைவகை பரவியிருப்பதால் இங்கே கலப்பு குறைவு என்று சிலர் எண்ணக்கூடும். அப்படி எண்ணுவது தவறு. இரண்டு சி வைரஸ்கள் கலந்தாலும் பிறப்பது சி வைரஸ்தான். கலந்த தடம் கண்ணில் படாது, அவ்வளவே. விழுப்புரம் மாவட்டத்தில் பெருமுக்கல் போன்ற ஊரிலிருந்து ஒருவர் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்குப் போய் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மையத்தில் பார்ப்பது வைரஸை அல்ல. வைரஸுக்கு எதிராக அவர் உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதத்தை. முதல் சோதனையில் தொற்று தெரிந்தால், வேறு இரண்டு வகைச் சோதனைகளாலும் அதை உறுதி செய்கிறார்கள். தொற்று உண்டு என்றால் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு, எதிர்ப்பாற்றல் தரும் சி.டி.4 செல்களின் எண்ணிக்கை, ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் எத்தனை வைரஸ் படிகள் என்ற கணக்கு. சிகிச்சைக்கு இவை போதும். ஆனால் அவருக்குள் இருப்பது எந்தத் துணைவகை, ஒன்றா இரண்டா, கலப்பா என்பதை இந்தச் சோதனைகள் எதுவும் சொல்லாது. வைரஸின் எழுத்துகளை வரிசையாகப் படித்தால்தான் தெரியும். அதுவும் ஒரு மரபணுவை மட்டும் படித்தால் போதாது. கலப்பு, படிக்காமல் விட்ட பகுதியில் இருக்கலாம்.

அப்படி முழுதாகப் படித்த முதல் இந்திய ஆய்வுகளில் ஒன்று புணேயிலிருந்து வந்தது. தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு, 1999-ல் வெளியானது. புதிதாகத் தொற்று ஏற்பட்ட ஆறு பேரின் வைரஸ்களை முனை முதல் முனை வரை படித்தார்கள். ஐந்து, சி வகை. ஆறாவதில் சி வகை வாசகத்தின் நடுவே ஏ வகை வாசகம் புகுந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஸ்டூவர்ட் ரே எழுதிய கணினி நிரல் சிம்பிளாட். வைரஸின் எழுத்து வரிசையில் ஒரு சிறு சாளரத்தை நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வோர் இடத்திலும் அது எந்தத் துணைவகையோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று கோடு வரைந்து காட்டும். கலப்பில்லாத வைரஸ் என்றால் ஒரே கோடு கடைசிவரை மேலே ஓடும். கலப்பு வைரஸில் ஓர் இடத்தில் சி கோடு சரிந்து ஏ கோடு எழும். சிறிது தூரம் போய் மறுபடி சி மேலேறும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நொதி தாவிய இடம். என்றோ யாரோ ஒருவர் உடலில், ஒரு செல்லுக்குள் நடந்த நிகழ்ச்சியைத் தாளில் காட்டும் இந்த வரைபடம், இன்று உலகெங்கும் வைரஸ் ஆய்வுக் கட்டுரைகளில் காணப்படுவது. புணே மாதிரிகளை ஆராய்ந்த கட்டுரைதான் அதன் தொடக்கம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

கலப்பு வெளிப்படையாகத் தெரிவது, இரண்டு துணைவகைகளின் பாதைகள் சந்திக்கும் எல்லைகளில். மணிப்பூரில் 1989-90 முதல் ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுத்துக்கொள்பவர்களிடையே எச்.ஐ.வி. வேகமாகப் பரவியது. தாய்லாந்துப் பக்கமிருந்து மியான்மர் வழியாக வந்த பி வகையும், இந்தியாவின் சி வகையும் அங்கே நேருக்கு நேர் சந்தித்தன. அங்கே பி, சி கலப்பு வைரஸ்கள் இருப்பதை 2005-ல் இந்திய ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதே இரண்டு மூலங்கள் சீனாவின் யுன்னான் பகுதியிலும் கலந்தன. அங்கே பிறந்த இரண்டு கலப்பு வைரஸ்கள் போதைப்பொருள் கடத்தல் பாதைகளில் பயணித்து, ஒன்று வடமேற்கே சின்ஜியாங் வரையும், இன்னொன்று கிழக்கே குவாங்சி பக்கமும் பரவின. சி.ஆர்.எஃப்.07, சி.ஆர்.எஃப்.08 என்று எண்ணிடப்பட்ட இவற்றின் பெரும்பகுதி வாசகம் இந்திய சி வகையுடையது. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேரிடமாவது ஒரே கலப்பு முழு வடிவில் காணப்பட்டால்தான் இப்படி எண் கொடுப்பார்கள். அப்படி எண் பெற்றவை இன்று நூற்றுக்கு மேல். உலகில் ஐந்தில் ஒரு தொற்றுக்கு மேல் ஏதாவது ஒரு கலப்பு வைரஸால் ஏற்பட்டது.

தாவல் எப்போதும் நேர் எதிரே உள்ள அதே இடத்துக்குத்தான் போய்ச் சேரும் என்பதில்லை. ஒரே மாதிரி எழுத்துகள் அருகருகே வரும் இடங்களில் நொதி தடுமாறுகிறது. கொஞ்சம் பின்னால் போய் விழுந்தால், எழுதியதையே மறுபடி எழுதும். அந்தப் பகுதி இரட்டிக்கும். முன்னால் போய் விழுந்தால் நடுப்பகுதி விடுபட்டுப்போகும். மரபுப் பொருளை மாற்றி அடுக்கும் இந்த வேலைக்கு இந்திய வைரஸே நல்ல சான்று. எச்.ஐ.வி.யின் ஓர வாசகத்தில் என்.எஃப்.-கப்பா பி என்ற மனிதப் புரதம் வந்து அமரும் இடங்கள் உண்டு. அது அமர்ந்தால் வைரஸின் விசை முடுக்கப்படும். பி வகையில் இந்த இடங்கள் பொதுவாக இரண்டு. சி வகையில் மூன்று. நான்கு இடங்கள் கொண்ட சி வைரஸ்கள் இந்தியாவில் பத்தாண்டுக் காலத்தில் படிப்படியாகப் பெருகி வந்திருப்பதை, பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆய்வு மையத்தின் உதய்குமார் ரங்கா குழுவினர் 2012-ல் தெரிவித்தார்கள். ஆய்வகத்தில் மூன்று இடம் கொண்டதையும் நான்கு கொண்டதையும் ஒரே குடுவையில் போட்டியிட விட்டபோது, நான்குதான் வென்றது. வைரஸ் செல்லை விட்டு வெளியேற உதவும் ஒரு குட்டி வாசகமும் சி வகையில் இரட்டித்து வருவதை இதே குழு ஆராய்ந்திருக்கிறது. இந்தியாவில் கவனமாகப் பின்தொடர வேண்டியது இந்த உள்மாற்றங்களைத்தான். துணைவகைப் பெயரை மட்டும் பார்ப்பவர்களுக்கு இவை தெரியவே தெரியாது.

விடுபட்டுப்போகும் கதையோ வேறு. சிகிச்சை எடுத்துக்கொள்பவர்களின் செல்களில் புதைந்திருக்கும் வைரஸ் டி.என்.ஏ.க்களைப் படித்துப் பார்த்தபோது, பத்தில் ஒன்பது அளவுக்குப் பழுதானவை என்று தெரிந்தது. பலவற்றில் ஆயிரக்கணக்கான எழுத்துகளே காணோம். தாவும்போது தவறிவிட்ட பகுதிகள் அவை. எஞ்சிய சிறு பங்கு முழுதாக இருப்பதால்தான் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புகிறது.

வைரஸுக்கும் வைரஸுக்கும் இடையே மட்டும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நிற்பதில்லை. குரோமோசோமில் குடியேறும் வைரஸ், பக்கத்திலிருக்கும் செல்லின் மரபணுவையும் எடுத்துக்கொண்டு வெளியேறலாம். 1911-ல் பெய்டன் ரவுஸ் கோழியின் தசைக் கட்டியை அரைத்து வடிகட்டி, செல்லே இல்லாத அந்தச் சாற்றை வேறு கோழிக்குச் செலுத்தி அதற்கும் கட்டி வரவைத்தார். அந்த வைரஸில் இருந்த சார்க் என்ற மரபணு வைரஸுடையதே அல்ல, கோழியினுடையது என்பது 1976-ல் மைக்கேல் பிஷப், ஹரால்ட் வார்மஸ் குழுவால் தெரிய வந்தது. கோழியின் மரபணுவில் வளர்ச்சியை அடக்கும் வால் பகுதி ஒன்று உண்டு. வைரஸ் எடுத்து வந்த படியில் அந்த வால் இல்லை. கடிவாளம் போனதால் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகின. மனிதப் புற்றுநோய்களுக்கும் நம் சொந்த மரபணுக்களே வேராக இருக்கலாம் என்ற பார்வை இங்கிருந்துதான் வந்தது. ரவுஸுக்கு 1966-லும் பிஷப், வார்மஸ் இருவருக்கும் 1989-லும் நோபல் பரிசு கிடைத்தது.

கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த அம்மை நோயிலும் ஒரு ரெட்ரோ வைரஸ் ஒளிந்திருக்கிறது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் அலகின் அடியிலும் கறுப்புப் பொருக்குகளாக வரும் கோழி அம்மைக்குக் காரணம், டி.என்.ஏ.வைக் கொண்ட ஒரு பெரிய வைரஸ். ரெட்ரோ குடும்பத்தோடு அதற்கு உறவே இல்லை. ஆனால் பல நாடுகளில் பண்ணைகளிலிருந்து எடுத்த அம்மை வைரஸ்களின் மரபுத் தொகுதிக்குள், ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ் என்ற பறவை ரெட்ரோ வைரஸ் கிட்டத்தட்ட முழுதாகச் செருகப்பட்டிருக்கிறது. அம்மையோடு கூடவே அதுவும் பயணிக்கிறது. பறவையின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கவும் செய்கிறது.

ஆய்வகங்களே இந்தக் கலப்புக்கு இடம் கொடுத்ததும் உண்டு. 2006-ல் புரோஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற புதிய வைரஸ் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. 2009-ல் தீராத அயர்ச்சி நோய்க்கும் அதற்கும் தொடர்பு காட்டிய கட்டுரை வெளியாகி, நோயாளிகளிடையே பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. 2011-ல் உண்மை வெளிவந்தது. 1990-களில் ஒரு மனிதப் புற்றுக்கட்டியை எலிகளுக்குள் மாற்றி மாற்றி வளர்த்தபோது, எலியின் மரபுத் தொகுதியில் இருந்த இரண்டு ரெட்ரோ வைரஸ்கள் மறுசேர்க்கையால் ஒன்றாகி அந்தக் கட்டியின் செல்களில் ஏறியிருந்தன. நோயாளிகளின் மாதிரிகளில் தெரிந்தது ஆய்வகக் கலப்படம். 2009 கட்டுரை 2011-லேயே திரும்பப் பெறப்பட்டது. நம்பிக்கையோடு காத்திருந்த நோயாளிகளுக்கு அது பெரிய அடி.

மனிதர்களின் டி.என்.ஏ.விலும் ஏறத்தாழ 8 சதவீதம் பழைய ரெட்ரோ வைரஸ்களின் எச்சம். சில இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னும், வேறு சில கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னும், முன்னோர்களின் கருமுட்டையிலோ விந்தணுவிலோ குடியேறியவை. அவற்றில் மிகப் பல, இரு ஓர வாசகங்களும் ஒன்றோடொன்று கலந்து நடுப்பகுதி முழுவதும் கழன்றுபோய், ஒற்றை ஓரமாக மிஞ்சியவை. ஒன்றிரண்டு மட்டும் வேலைக்கு வந்திருக்கின்றன. கருவறையில் நஞ்சுக்கொடி உருவாகும்போது செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் சின்சிட்டின் என்ற புரதம், ஒரு பழைய ரெட்ரோ வைரஸின் உறைப் புரதம்தான்.

எச்.ஐ.வி.-1 வந்த வழியே ஒரு மறுசேர்க்கை என்பது 2003-ல் தெரிந்தது. அதற்கு மூலமான சிம்பன்சி வைரஸ், ஒரே வைரஸிலிருந்து வரவில்லை. சிம்பன்சிகள் வேட்டையாடித் தின்னும் சிறு குரங்குகளில், சிவப்புத் தொப்பி மங்காபே குரங்கின் வைரஸும், மூக்கில் புள்ளியுள்ள இன்னொரு வகைக் குரங்கின் குடும்பத்து வைரஸும் ஏதோ ஒரு சிம்பன்சியின் உடலில் சந்தித்துக் கலந்திருக்கின்றன. அந்தக் கலப்பு சிம்பன்சிகளிடையே பரவி, பின்னர் மனிதருக்குத் தாண்டியது. இப்படிப் பிறந்த வைரஸ், மனிதருக்குள்ளும் கலந்துகொண்டே இருக்கிறது. தடுப்பூசி செய்வது இவ்வளவு கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சி வகையை அடிப்படையாகக் கொண்ட ஒரு தடுப்பூசியின் முதல் கட்டச் சோதனை 2006-ல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நடந்தது. பொதுப் பயன்பாட்டுக்கு எந்த எச்.ஐ.வி. தடுப்பூசியும் இன்றுவரை வரவில்லை.

வைரஸின் நொதி தாவுவதை நிறுத்த மருந்து இல்லை. ஆனால் அது தாவ வேண்டுமானால் படியெடுக்க வேண்டும். படியெடுப்பை நிறுத்த மருந்து இருக்கிறது. அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கியபோது, தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ரவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. முதல் இரண்டும் படியெடுக்கும் நொதியை முடக்குகின்றன; மூன்றாவது, டி.என்.ஏ. குரோமோசோமில் செருகப்படுவதைத் தடுக்கிறது. ஒழுங்காக உண்பவரின் இரத்தத்தில் வைரஸ் அளவு சோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைகிறது. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக யாருக்கும் தொற்றுவதில்லை. அவர் உடலில் புதிய கலப்பு பிறக்கவும் இடமில்லை.

கணவன் மனைவி இருவருக்குமே தொற்று இருந்தால் இனி பாதுகாப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இருவரின் வைரஸும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவருடையது மருந்துக்கு அடங்காததாகவும் இருக்கலாம். வைரஸ் அளவு கட்டுக்குள் வரும்வரை ஆணுறை தேவை. மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. வேலைக்காக ஊர் மாறிப் போகிறவர்கள் முன்கூட்டியே மையத்தில் சொன்னால், போகும் ஊரில் வாங்கிக்கொள்ள வழி செய்து தருவார்கள். பரிசோதனை அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசம். முடிவை மற்றவருக்குத் தெரிவிக்காமல் காப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். சந்தேகம் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.